ஸ்கானர் வாங்குமுன் றங்குப் பெட்டியைத் திறவுங்கள்

சென்ற மாதம் ஸ்காபறோவிலிருந்து மருமகன் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஒன்றுவிட்ட தங்கையின் மகன். கணினித் துறையில் நல்ல உத்தியோகம் பார்ப்பவர். விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"மாமா, கரம்பொன்னில அம்மம்மா வீட்டைத் திருத்தேக்க ஒரு றங்குப் பெட்டி எடுபட்டது. முழுக்கக் கடுதாசி. இஞ்ச கொண்டுவந்திட்டன். ஒரு ஸ்கானர் வாங்கோணும். எதை வாங்கிறது? தேடிப் பாத்தால் ஆயிரம் கிடக்கு."

"பெட்டிக்குள்ள என்ன கிடக்கு எண்டு பாத்தியே?"

"இல்லை மாமா. முதல்ல ஸ்கானரை வாங்குவம், பிறகு பாப்பம்."

இந்தக் கடைசி வாக்கியந்தான் இன்றைக்கு என்னை எழுத வைக்கிறது. மருமகனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. புலம்பெயர்ந்து போனவர்களும், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கின்ற நாங்களும் ஒரே பிழையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். கருவியை முதலில் தெரிவு செய்கிறோம். கடதாசியைப் பிறகு பார்க்கிறோம். கருவிக்குள் கடதாசி அடங்காதபோது அதை மடிக்கிறோம், தையலைப் பிரிக்கிறோம், அல்லது "இது சரிவராது" என்று ஒதுக்கி வைத்துவிடுகிறோம். செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிக்கிற வேலை இது.

நான் கலைப்பட்டதாரி. பொறியியல் படித்தவன் அல்லன். முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் கிடந்து உழல்பவன். ஸ்கானரைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை வைத்திருக்கிறேன். நானே செய்த ஒரு பெரும் பிழைதான் அந்தத் தகுதி.

அப்பா எழுதுவினைஞராக இருந்தவர். 1958 இலிருந்து ஏறக்குறைய இருபது வருடம் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஊர் விடயங்களைக் குறித்து வந்தார். எந்த நாளில் மழை பெய்தது, புகையிலை என்ன விலை போனது, யார் வீட்டில் கலியாணம், யார் செத்தது, ஊர்காவற்றுறைத் துறைக்கு என்ன வள்ளம் வந்தது என்பன போன்ற சிறு குறிப்புகள். திகதியை மையால் எழுதுவார். விடயத்தைப் பெரும்பாலும் பென்சிலால் எழுதுவார். 1990 இலும் 1991 இலும் தீவுப்பகுதி இடம்பெயர்ந்தபோது அந்தக் கொப்பி வீட்டிலேயே தங்கிவிட்டது. 2002 இல் போர் நிறுத்தம் வந்து பாதை திறந்த பின்னர், கூரை இல்லாத வீட்டின் ஒரு மூலையில், அலுமாரியின் அடித்தட்டில் அதைக் கண்டெடுத்தேன். அது தப்பிக் கிடந்ததே ஓர் அதிசயம்.

2003 இல் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்து ஸ்கான் செய்வித்தேன். கடைக்காரப் பையன் "கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சின்னக் கோப்பாக வரும் சேர்" என்றான். சரி என்றேன். முழுக் கொப்பியும் ஒரு சீ.டி.யில் கால்வாசி இடங்கூடப் பிடிக்கவில்லை. பெருமையாக இருந்தது. கணினியில் இருக்கிறதுதானே என்ற நம்பிக்கையில் கொப்பியை வாடகை வீட்டுக் களஞ்சிய அறையில் ஒரு மட்டைப் பெட்டியில் போட்டேன். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத் தேவையில்லை. கறையானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

பல வருடம் கழித்து அந்தச் சீ.டி.யைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. மையால் எழுதிய திகதிகள் எல்லாம் இருந்தன. பென்சிலால் எழுதியவை இல்லை. கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்கும்படி இயந்திரத்துக்குச் சொன்னோம். மெல்லிய பென்சில் கோட்டை அது வெள்ளை என்று தீர்மானித்துவிட்டது. கடதாசி பழுத்திருந்த இடங்களைக் கறுப்பு என்று தீர்மானித்துவிட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் எங்கள் பக்கத்தையும் அடித்துப் போனது. அந்த வாரத்துக்கு அப்பா இரண்டு பக்கம் எழுதியிருந்தார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம். இப்போது என்னிடம் இருப்பது, 22, 23, 24 என்ற மூன்று திகதிகளும் அவற்றுக்குக் கீழே வெறும் வெள்ளையும்.

சாம்பல் நிறத் தெரிவை, அல்லது வர்ணத் தெரிவை அழுத்தியிருந்தால் அந்தப் பென்சில் எழுத்து இன்றைக்கும் இருந்திருக்கும். ஒரு பொத்தான் வித்தியாசம். ஆகவே, ஸ்கானர் தெரிவைப் பற்றி யாராவது "அதில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

*

கரம்பொன்னில், அல்லது தீவுப்பகுதியின் எந்த ஊரிலும், ஒரு பழைய பெட்டியைத் திறந்தால் பொதுவாக ஐந்து வகைப் பொருட்கள் இருக்கும். ஒவ்வொன்றும் வேறு கருவியைக் கேட்கும்.

முதலாவது, கல்வெட்டு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது கல்லில் வெட்டியதை அல்ல, இறந்தவரின் நினைவாக 31 ஆம் நாளில் அச்சிட்டு வழங்கும் சிறு புத்தகம். அதில் வமிசாவளி இருக்கும், ஊர் வரலாறு இருக்கும், வேறெங்கும் அச்சேறாத செய்யுட்கள் இருக்கும். நடுவில் கம்பி அடித்த மெல்லிய புத்தகம். தட்டையாக விரியும். இதற்கு மலிவான, மெல்லிய தட்டை ஸ்கானர் போதும். யூ.எஸ்.பி. வயரிலிருந்தே மின்சாரம் எடுக்கிற கனன் லைட் 300, 400, எப்சன் வி39 போன்றவை இந்த வகை. இவற்றுக்குள் இருப்பது சீ.ஐ.எஸ். என்ற உணரி. கண்ணாடியில் ஒட்டிக் கிடக்கும் எதையும் கூர்மையாகப் பிடிக்கும்.

இரண்டாவது, கட்டிய புத்தகமும் தடித்த கொப்பியும். இங்கே அந்த மலிவுக் கருவி தோற்றுப்போகும். சீ.ஐ.எஸ். உணரிக்குக் கண்ணாடியிலிருந்து சிறிது விலகினாலே பார்வை மங்கிவிடும். புத்தகத்தின் நடு மடிப்பில் எழுத்துகள் கரைந்து போகும். சீ.சீ.டி. உணரியுள்ள கருவி கொஞ்சம் பருமனானது, பாரமானது, விலையும் கூட. ஆனால் வில்லை வைத்துப் பார்ப்பதால் சற்று உயர்ந்து நிற்கும் இடத்தையும் தெளிவாகப் பார்க்கும். எப்சன் வி600 இந்த வகைக்கு உதாரணம். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இது புது மொடல், மெல்லிசு" என்று விற்பார்கள். மெல்லிசாக இருப்பதற்குக் கொடுக்கும் விலை அந்த நடு மடிப்பு.

மூன்றாவது, புகைப்படம். 600 டி.பி.ஐ., வர்ணம். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வர்ணத்தில்தான் எடுக்க வேண்டும்; பழுப்பேறியதும் கறைபட்டதும் அந்தப் படத்தின் வரலாறு. பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்ரூடியோவின் முத்திரையும் அம்மம்மாவின் கையெழுத்தும் அங்கேதான் இருக்கும்.

நான்காவது, காணி உறுதி. பழைய பூல்ஸ்காப் தாள் ஏ4 ஐவிட நீளமானது. வீட்டுக்கு வாங்கும் ஸ்கானரின் கண்ணாடி பெரும்பாலும் 297 மில்லிமீற்றரோடு முடிந்துவிடும். கடைசி நாலு வரியும் நொத்தாரிசின் கையெழுத்தும் வெளியே நிற்கும். இரண்டு தடவையாக எடுத்து, இரண்டையும் வைத்திருங்கள்.

ஐந்தாவது, பத்திரிகை. இது என் தொழிலின் பொருள். ஆகையால் கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன். பழைய நாளேட்டின் முழுப் பக்கம் ஏ4 கண்ணாடிக்குள் எந்தக் காலத்திலும் அடங்காது. மரக்கூழில் செய்த மலிவுத் தாள், ஐம்பது வருடத்தில் அப்பளமாகிவிடுகிறது. அதை நாலாக மடித்துக் கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்துகிறவர், ஆவணம் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே ஆவணத்தை அழிக்கிறார். பத்திரிகைக்கு வேண்டியது ஸ்கானரே அல்ல. மேலே அசையாமல் பொருத்திய ஒரு நல்ல கமெரா, இரு பக்கமும் சரிவாக இரண்டு விளக்கு, கீழே ஒரு கறுப்புத் துணி. பெரிய நூலகங்களும் இந்த மேலிருந்து படமெடுக்கும் முறையைத்தான் கையாள்கின்றன.

இன்னொரு எச்சரிக்கை. தாள்களை அடுக்கி வைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கானர்கள் இருக்கின்றன. அலுவலகத்துக்கு மிக நல்லவை. கரம்பொன் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு தாளையேனும் அவற்றுக்குள் விடாதீர்கள். உப்புக் காற்றில் கிடந்து உக்கிய தாளை உருளைக்குள் கொடுப்பது, கிழவியைக் குடைராட்டினத்தில் ஏற்றுவது போல.

*

இனி, விற்பனைக்காரர்களின் மூன்று பொய்களுக்கு வருகிறேன்.

முதற் பொய், எண்கள். பெட்டியில் 4800, 9600 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பது அதன் பொருள். ஏ4 தாள் ஒன்றை 300 டி.பி.ஐ.யில் முழு வர்ணத்தில் எடுத்தால், சுருக்காத நிலையில் 26 மெகாபைற் வரும். அதே தாளை 4800 இல் எடுத்தால் 256 மடங்கு. அதாவது ஆறரை கிகாபைற்றுக்கு மேல். ஒரு பக்கத்துக்கு! எந்தக் கணினி அதைத் திறக்கும்? அச்செழுத்துக்கு 300 போதும், பொடி எழுத்துக்கும் கையெழுத்துக்கும் 400, படத்துக்கு 600. அதற்கு மேற்பட்ட எண், பிலிம் சுருள் எடுப்பவர்களுக்கு மட்டும் பயன்படும். மிகப் பெரிய எண்கள் பலவும் உணரி உண்மையில் கண்டவை அல்ல. கண்ட புள்ளிகளுக்கு இடையில் மென்பொருள் கற்பனை செய்து நிரப்பியவை. ஒப்டிக்கல் என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் பாருங்கள்.

இரண்டாம் பொய், "மூன்றும் ஒன்றில்". அச்சிடும், பிரதி எடுக்கும், ஸ்கானும் செய்யும் என்று ஒரு பெட்டி. மலிவாகத் தருவார்கள், மையில் பிடுங்குவார்கள். என் வீட்டில் இருந்த அப்படியொரு கருவி, மஞ்சள் மை தீர்ந்துவிட்டது என்ற காரணத்துக்காக ஒரு கிழமை ஸ்கான் செய்ய மறுத்தது. படம் பார்ப்பதற்கு எதற்கு மை? இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மை இல்லாமல் ஸ்கான் செய்ய மறுக்கும் கருவிகளை விற்றதாக 2021 இல் கனன் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்காவில் ஒரு வழக்கே தொடுத்தார்கள். ஆவணத்துக்கென்று தனி ஸ்கானரை வாங்குங்கள்.

மூன்றாம் பொய், "இப்ப போனே போதும்". இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. எங்கள் அலுவலக இளைஞர்கள் சொல்கிறார்கள். "அண்ணை, நீங்கள் இன்னும் அந்தக் காலத்தில நிக்கிறியள்." இருக்கட்டும். கைத்தொலைபேசியின் கமெரா இன்றைக்கு மிக நன்றாக வளர்ந்துவிட்டது என்பதை மறுக்க மாட்டேன். பத்திரிகைப் பக்கத்துக்கு அதையே தாங்கியில் பொருத்திப் பாவிக்கலாம் என்பதும் உண்மை. என் சண்டை கமெராவோடு அல்ல, ஸ்கான் செயலிகளோடு. அவை கடதாசியை "அழகாக்கும்". பழுப்பை வெளுக்கும், பென்சிலைத் துடைக்கும், மங்கிய முத்திரையை அழுக்கென்று நினைத்து நீக்கும். 2003 இல் எனக்குக் கடைக்காரப் பையன் செய்ததை, இன்றைக்கு உங்களைக் கேட்காமலே உங்கள் போன் செய்யும்.

அது மட்டுமல்ல. உங்கள் காணி உறுதி யாருடைய கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதும் ஒரு கேள்வி. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பாவித்த காம்ஸ்கானர் செயலியின் அண்ட்ரொயிட் பதிப்பில் தீங்கு நிரல் ஒன்று ஒளிந்திருந்ததை 2019 இல் கஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூகிள் அதைச் சிறிது காலம் தன் கடையிலிருந்தே நீக்கியது. 2020 இல் இந்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் அதுவும் ஒன்று. பெரிய நிறுவனத்தின் செயலி என்றால் பயமில்லை என்பீர்கள். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 இல் தன் லென்ஸ் செயலியைக் கைவிடப் போவதாக அறிவித்தது. செயலிகள் சாகும். பெட்டி அதைவிடக் கூடுதல் காலம் இருந்திருக்கிறது.

*

மென்பொருளைப் பற்றி எழுதும்போது ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2013 இல் டேவிட் கிறீசல் என்ற ஜேர்மன் கணினி அறிஞர், ஒரு கட்டடத்தின் வரைபடத்தைச் செறொக்ஸ் நிறுவனத்தின் பெரிய அலுவலக இயந்திரத்தில் ஸ்கான் செய்த பிரதியைப் பார்த்தார். மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீற்றர் என்று ஒரே அளவு இருந்தது. மூலத்தில் இருந்தவையோ 14.13, 21.11, 17.42. மங்கலாக அல்ல, மிகத் தெளிவாக, சுத்தமான எண்ணாக, பிழையாக இருந்தது. காரணம், கோப்பைச் சிறிதாக்கும் ஜேபிக் 2 என்ற சுருக்க முறை. ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளை ஒரே எழுத்தென்று கொண்டு, ஒன்றின் படத்தை மற்றதன் இடத்திலும் ஒட்டிவிடும். 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள். 6 பரப்புக் காணி 8 பரப்பு ஆனால் என்ன நடக்கும்? வேலிச் சண்டையில் பிறந்து வழக்கில் வளர்ந்த சமூகம் நாங்கள். ஸ்கான் செய்த படம் பொய் சொல்லாது என்று நம்பி மூலத்தை எறிகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை வாசித்துவிட்டு எறியட்டும்.

ஆகவே, மென்பொருளில் நான் கேட்பது மூன்றே மூன்று. முதலில் எடுக்கும் படத்தை டிஃப் கோப்பாக, அல்லது மிக உயர் தரத்தில் ஜேபெக் கோப்பாக, எந்த அலங்காரமும் செய்யாமல் தனியே வைத்திருக்க விட வேண்டும். அதிலிருந்து பிரதி எடுத்துத்தான் வெட்டுவதும் நிமிர்த்துவதும் பீ.டி.எஃப். ஆக்குவதும். இரண்டாவது, கருவியைச் செய்த நிறுவனம் கைவிட்ட பிறகும் அது வேலை செய்ய வேண்டும். மூன்றாவது, மாதச் சந்தா கேட்கக் கூடாது.

இந்த மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன என்பதுதான் வேடிக்கை. நப்ஸ்2 என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பக்கங்களை எடுத்து ஒழுங்குபடுத்திப் பீ.டி.எஃப். ஆக்கும். ஸ்கான் டெய்லர் என்ற இன்னொரு இலவச மென்பொருள், இரட்டைப் பக்கத்தைப் பிரித்து, சரிவை நிமிர்த்தி, ஓரத்தைச் சீராக்கும். புதிய விண்டோஸ் வந்ததும் பழைய ஸ்கானர் செத்துவிட்டது என்று குப்பையில் போட இருப்பவர்கள் வியூஸ்கான் மென்பொருளைப் பரீட்சித்துப் பார்க்கட்டும். அதற்குக் காசு கொடுக்க வேண்டும். ஆயினும் புது ஸ்கானரைவிட மலிவு. நிறுவனங்கள் கைவிட்ட ஆயிரக்கணக்கான கருவிகளுக்கு அது உயிர் கொடுத்திருக்கிறது.

அடுத்தது எழுத்துணரி. படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள். பெரும் விலைக்கு எதையும் வாங்குமுன் அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் வாங்கிய பிறகே பார்க்கிறார்கள். டெசராக்ட் இலவசம். எச்.பி. நிறுவனம் 1980களில் தொடங்கி, 2005 இல் திறந்த மூலமாக விட்டு, பின்னர் கூகிள் வளர்த்தது. தமிழ் படிக்கும், நப்ஸ்2 இன் உள்ளேயே அதைச் சேர்த்துக்கொள்ளலாம். கூகிள் டிரைவில் படத்தை ஏற்றினாலும் தமிழ் எழுத்தாகத் தரும். புது அச்சுக்கு இரண்டும் நன்றாகவே வேலை செய்கின்றன. பழைய ஈய எழுத்து அச்சுக்கு வந்தால் தடுமாறும். 1978 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணை, லை, ளை, னை வடிவங்களைக் கண்டு விழிக்கும். ரகரத்துக்கும் அரவுக்கும் வித்தியாசம் தெரியாமல் மயங்கும். திருத்தக் கண் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் வாசித்துவிடும் என்று இப்போது ஒரு பேச்சு. வாசிக்கிறதுதான். ஆனால் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லாமல், பொருத்தமான ஒரு சொல்லைத் தானே போட்டு நிரப்பிவிடும் பழக்கம் அதற்கு உண்டு. செறொக்ஸ் இயந்திரம் எண்ணில் செய்ததை இது சொல்லில் செய்யும். எங்கள் அச்சகத்தில் முன்னர் இருந்த ஒப்புநோக்காளர்கள் விளங்காத சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார்கள். அந்தக் கேள்விக்குறி எவ்வளவு பெரிய நேர்மை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

*

இவ்வளவும் கருவியைப் பற்றி. இனி எங்களைப் பற்றி.

கரம்பொன்னில் 1913 ஆகஸ்ட் 2 ஆம் திகதி ஒரு பிள்ளை பிறந்தது. பின்னர் தனிநாயகம் அடிகள் என்று உலகம் அறிந்தவர். தமிழ் கல்ச்சர் இதழை 1952 இல் தொடங்கியதும், 1966 இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடுவதற்கு முன்னின்றதும் பலருக்குத் தெரியும். நான் இங்கே நினைவூட்ட விரும்புவது வேறொன்று. தமிழில் தொடக்க காலத்தில் அச்சான நூல்கள் ஐரோப்பிய நூலகங்களில் முடங்கிக் கிடந்தன. அவர் தேடிப் போனார். 1554 இல் லிஸ்பனில் உரோம எழுத்தில் அச்சான தமிழ் வினாவிடை நூலையும், வத்திக்கானில் கிடந்த அன்ரம் டி புறூவென்சாவின் 1679 ஆம் ஆண்டுத் தமிழ் போர்த்துக்கேய அகராதியையும் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். அந்த அகராதியை 1966 இல் கோலாலம்பூரில் மூலத்தின் உருவப் பிரதியாகவே அச்சேற்றினார். அம்பலக்காட்டில் அச்சான பக்கம் எப்படி இருந்ததோ, அப்படியே. யூ.எஸ்.பி. ஸ்கானர் என்ற சொல்லே இல்லாத காலம். புகைப்படத் தகட்டையும் கப்பற் தபாலையும் நம்பி இருந்த காலம்.

அவர் பிறந்த ஊரில் இன்றைக்கு என்ன நடக்கிறது? வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது, பழைய வீடு இடிபடுகிறது, அல்லது திருத்தப்படுகிறது. அலுமாரியும் றங்குப் பெட்டியும் முற்றத்துக்கு வருகின்றன. பலகையும் பித்தளையும் விலைபோகின்றன. கடதாசியைக் கோடிப்புறத்தில் குவித்து நெருப்பு வைக்கிறார்கள். பார்த்திருக்கிறேன். தடுக்கப் போய் "உமக்கென்ன விசரே" என்று கேட்டும் வாங்கியிருக்கிறேன்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது. வருடந்தோறும் ஜூன் 1 வந்தால் நாங்கள் முகநூலில் படம் போடுகிறோம், கவிதை எழுதுகிறோம், கண்ணீர் விடுகிறோம். எரித்தவர்களின் குற்றத்தில் ஓர் அணுவைக்கூட நான் குறைக்கப் போவதில்லை. ஆனால் கோடிப்புறத்து நெருப்பை வைத்தது யார்? அதற்கு எந்த ஆணைக்குழுவிடம் போய் முறையிடுவது?

இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். எரிக்க மாட்டார்கள். ஸ்கானும் செய்வார்கள். பக்கத்துக்குப் பக்கம் குறுக்காகத் தங்கள் பெயரைப் பெரிதாக அச்சடித்து, எழுத்தை மறைத்து, முகநூலில் ஒரு பக்கம் மட்டும் போடுவார்கள். மிச்சம் தங்கள் கணினியில். கேட்டால், "புத்தகம் போடப் போறன்" என்பார்கள். புத்தகம் வராது. கணினியின் தட்டு ஒருநாள் பழுதாகும். தாத்தா பெட்டியில் பூட்டி வைத்தார். பேரன் தட்டில் பூட்டி வைக்கிறான். ஸ்கானர் வாங்கி என்ன பயன்?

2005 இலிருந்து நூலகம் என்ற இணைய நூலகம் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடக்கின்றன. உங்கள் பெட்டியிலுள்ள கல்வெட்டுக்கு அங்கே இடம் உண்டு. கல்வெட்டு ஊருக்குக் கொடுக்கவென்றே அச்சிட்டது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? காணி உறுதியும் சொந்தக் கடிதமும் வேறு. அவற்றைக் குடும்பத்துக்குள் வைத்திருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. வேறொருவர் எழுதிய நூலென்றால், அவர் இறந்து 70 ஆண்டு முடியும்வரை இலங்கைச் சட்டப்படி பதிப்புரிமை இருக்கிறது, வாரிசுகளைக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

எதைச் செய்தாலும் மூன்று பிரதி வையுங்கள். இரண்டு வேறு வகைச் சாதனங்களில். ஒன்று வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்று எங்களைவிட நன்றாக அறிந்த இனம் உலகில் அதிகம் இல்லை. சிதறிப் போனோம் என்று அழுகிறோமே, பிரதிகளைச் சிதற வைப்பதற்காவது அந்தச் சிதறல் உதவட்டும்.

*

மருமகனுக்கு என்ன சொன்னேன்?

ஒரு மாதத்துக்கு எதையும் வாங்காதே என்றேன். பெட்டியைத் திறந்து, ஐந்து குவியலாகப் பிரி. எந்தக் குவியல் பெரிதோ அதற்கேற்ற கருவியை வாங்கு. மற்றக் குவியலுக்கு யாரிடமாவது இரவல் கேள். எடுத்து முடித்த பிறகும் மூலத்தை எறியாதே, நான் எறிந்தேன்.

"இன்னொண்டு" என்றேன். "ஸ்கான் பண்ண முதல், படங்கள எல்லாம் மேசையில பரப்பிவிட்டு அம்மாவைப் பக்கத்தில இருத்து. மூண்டாவதா நிக்கிறது ஆர், இது ஆற்ற கலியாணம் எண்டு கேட்டுக் கேட்டு எழுது. அந்த விடயம் எந்த ஸ்கானரிலயும் வராது."

மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "அம்மாவுக்கு இப்ப கொஞ்சம் மறதி மாமா" என்றார்.

"அப்ப ஒரு மாதம் பொறுக்காதை" என்றேன். "இண்டைக்கே தொடங்கு."